டார்ச் விளக்கைப் பிடிக்கக் கூப்பிடுங்கள்

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் எது பழுதானாலும் அதைச் சரிசெய்ய வெளியிலிருந்து யாரும் வந்ததில்லை. என் அப்பா செம்பவாங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டராக வேலை செய்தவர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுச் சாப்பிடுவார். பிறகு ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு தரையில் உட்காருவார். திருப்புளிகள், ஸ்பேனர், ஆணிகள், ரப்பர் வளையங்கள், வெள்ளை நாடாச் சுருள் எல்லாம் அந்த டின்னில்தான் இருக்கும். ஒழுகும் குழாய், ஆடும் நாற்காலிக் கால், சரியாக மூடாத அலமாரிக் கதவு என்று ஏதாவது ஒன்று அவருக்காகக் காத்திருக்கும். நான் ஆவலோடு அருகில் போய் நிற்பேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "நீ போய்ப் படி, தம்பி. இதை நான் பார்த்துக்கொள்கிறேன்," என்பார்.

நானும் போய்ப் படித்தேன்.

அப்பா சொன்னதில் அன்பு இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. தம் கைகளில் இருந்த தீக்காயத் தழும்புகள் மகனுடைய கைகளில் இருக்கக்கூடாது என்று அவர் நினைத்தார். அவர் விரும்பியபடியே எனக்கு அலுவலக வேலை கிடைத்தது. அங் மோ கியோவில் ஒரு பழைய நான்கறை வீட்டை வாங்கினேன். அப்பாவும் எங்களோடு வந்து தங்கினார். அந்த வீட்டுக்குள் வரும் தண்ணீரை எங்கே நிறுத்த வேண்டும் என்பதுகூட நாற்பது வயதைத் தாண்டிய எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் ஏற்படவில்லை. அப்பாதான் இருந்தாரே!

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை. சமையலறை விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. அப்பாவுக்கு அப்போது வயது 74. அவர் யாரையும் கூப்பிடாமல், ஒரு முக்காலியின்மீது ஏறிக் குழல்விளக்கை மாற்ற முயன்றார். முக்காலி சாய்ந்தது. சத்தம் கேட்டு ஓடினேன். அவர் தரையில் கிடந்தார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் மெல்ல மெல்ல நடக்கத் தொடங்கினார். ஆனால் ஊன்றுகோல் இல்லாமல் இன்றுவரை அவரால் நடக்க முடியவில்லை.

அவர் முக்காலியில் ஏறியபோது நான் வரவேற்பறையில்தான் இருந்தேன். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு மினுக்கியதை நானும் கவனித்தேன். "அப்பா பார்த்துக்கொள்வார்" என்று நினைத்தேன். மருத்துவமனையில் அவர் படுக்கைக்கு அருகில் உட்கார்ந்திருந்தபோது, "ஏன் என்னைக் கூப்பிடவில்லை?" என்று கேட்டேன். "உனக்குத்தான் இதெல்லாம் தெரியாதே," என்றார். குறை சொல்லும் தொனி அதில் இல்லை. உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான்.

வீட்டில் செய்யும் சிறு பழுதுபார்ப்பு வேலைகளிலிருந்து பிள்ளைகளை விலக்கி வைப்பது தவறு என்பது என் கருத்து. பெரியவர்கள் ஒரு குழாயைக் கழற்றும்போது, பிள்ளைகளைப் படிக்கப் போகச் சொல்லாமல், டார்ச் விளக்கைப் பிடிக்கவாவது அருகில் கூப்பிட வேண்டும். பணத்தை மிச்சப்படுத்துவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. பணமும் மிச்சமாகும், ஆனால் அது சிறிய லாபம். நாம் வாழும் வீடு எப்படி இயங்குகிறது என்பது நமக்குத் தெரிய வேண்டும். அதைவிட முக்கியமாக, எந்த இடத்தில் நம் கையை எடுத்துவிட வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். இவ்விரண்டையும் அருகில் நின்று பார்த்துத்தான் கற்க முடியும்.

அப்பா வீடு திரும்பிய சில வாரங்களில் சமையலறைக் குழாய் ஒழுகத் தொடங்கியது. எவ்வளவு இறுக்கி மூடினாலும் சொட்டுவது நிற்கவில்லை. பிளம்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தேன். வந்து பார்ப்பதற்கே 60 வெள்ளி என்றார். அன்றிரவு 10 மணிக்கு, ஒரு லிட்டர் கொள்ளளவு உடைய குவளையைக் குழாய்க்கு அடியில் வைத்தேன். காலை 6 மணிக்கு எழுந்து பார்த்தபோது அது விளிம்புவரை நிறைந்திருந்தது. எட்டு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் என்றால், ஒரு நாளுக்கு மூன்று லிட்டர். ஓராண்டுக்கு ஆயிரம் லிட்டருக்கும் மேல். ஒரே ஒரு குழாயில், கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் சொட்டுகளில்! சிங்கப்பூர் தனக்குத் தேவையான தண்ணீரில் ஒரு பகுதியை இன்றும் ஜோகூரிலிருந்துதான் பெறுகிறது. 1962ஆம் ஆண்டில் கையெழுத்தான அந்தத் தண்ணீர் ஒப்பந்தம் 2061ஆம் ஆண்டில் முடிவடையும். இதைப் பள்ளியில் நீங்கள் படித்திருப்பீர்கள். நானும் படித்துத் தேர்வில் எழுதியிருக்கிறேன். ஆனால் குவளை நிறைந்திருந்ததைப் பார்த்த அன்றுதான் அந்தப் பாடம் எனக்கு உறைத்தது.

நானே சரிசெய்வது என்று முடிவெடுத்தேன். அப்பா சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வழிகாட்டினார். முதலில் தண்ணீரை நிறுத்த வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கான திருகு, வாசலுக்கு வெளியே நடைபாதையில், நீர்மானிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆறு ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் அதைக் கடந்துதான் வேலைக்குப் போயிருக்கிறேன்! திருகை மூடிய பிறகு, குழாயைத் திறந்து மீதமுள்ள நீரை வெளியேற்றச் சொன்னார். அடுத்து, கழுவுதொட்டியின் துளையை ஒரு பழைய துணியால் அடைக்கச் சொன்னார். "ஏன்?" என்று கேட்டேன். "சின்ன ஆணி உள்ளே விழுந்தால் அதைத் தேடிக்கொண்டு நீ கீழ்வீட்டுக்கா போவாய்?" என்றார்.

குழாயின் தலைப்பகுதியை மட்டும் ஸ்பேனரால் கழற்றினால் போதும். நானோ அவசரப்பட்டு முழுக் குழாயையும் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன். உள்ளே இருந்த ரப்பர் வளையம் தேய்ந்து, நடுவில் பள்ளம் விழுந்து கிடந்தது. குழாயை மூடும்போது நீரின் வழியை அடைப்பது அந்த வளையம்தான். அது தேய்ந்துவிட்டால், எவ்வளவு பலமாகத் திருகினாலும் பயன் இல்லை. பலமாகத் திருகுவதால் வளையம் இன்னும் விரைவாகத்தான் தேயும். இரண்டு மாதங்களாக நாங்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். இக்காலத்துப் புதிய குழாய்கள் பலவற்றில் ரப்பர் வளையத்துக்குப் பதிலாகப் பீங்கான் தகடுகள் இருக்கின்றன. நல்லவேளையாக எங்களுடையது பழைய வகை.

கீழே இருந்த ஹார்ட்வேர் கடைக்குப் போய் ஒரு வளையம் வாங்கி வந்தேன். பொருந்தவில்லை. மீண்டும் போனேன். கடைக்கார அங்கிள் சிரித்துக்கொண்டே, "பழையதைக் கொண்டுவந்தாயா?" என்று கேட்டார். மூன்றாம் முறை பழையதைக் கொண்டுபோனேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, சரியானதை எடுத்துக் கொடுத்தார். விலை ஒரு வெள்ளிகூட ஆகவில்லை. வளையத்தை மாற்றி, குழாயின் மரையில் வெள்ளை நாடாவைச் சுற்றி, மீண்டும் சுவரில் பொருத்தினேன். தண்ணீரைத் திறந்தால், இப்போது குழாயும் சுவரும் சேரும் இடத்தில் கசிந்தது! நாடாவை நான் எதிர்த்திசையில் சுற்றியிருந்தேன். குழாயை எந்தப் பக்கம் முறுக்குகிறோமோ அந்தப் பக்கமாகவே நாடாவையும் சுற்ற வேண்டும். இல்லையென்றால் முறுக்கும்போது அது அவிழ்ந்துவிடும். மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றினேன். அரை மணி நேர வேலைக்கு எனக்கு நான்கு மணி நேரம் ஆனது. ஆனால் அன்றிரவு குவளையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.

"இதற்கெல்லாம் எங்களுக்கு நேரம் ஏது?" என்று மாணவர்கள் கேட்கலாம். பெற்றோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். தேர்வு, துணைப்பாட வகுப்பு, இணைப்பாட நடவடிக்கை ஆகியவற்றுக்கு இடையில் குழாய் எதற்கு என்பது நியாயமான கேள்விதான். ஆனால் வீட்டில் குழாய் ஒவ்வொரு வாரமும் ஒழுகுவதில்லை. ஆண்டுக்கு நான்கைந்து முறை, முறைக்கு அரை மணி நேரம். அந்த நேரத்தை எந்தப் பிள்ளையிடமிருந்தும் தேர்வு பறித்துவிட்டது என்றால் நான் நம்பமாட்டேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் கீழ்நிலை உயர்நிலை வகுப்புகளில் வடிவமைப்பு, தொழில்நுட்பப் பாடம் இருக்கிறது. மாணவர்கள் மரத்தை அறுக்கிறார்கள், அரத்தால் தேய்க்கிறார்கள், துளை போடுகிறார்கள். உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகளும் பள்ளியில் அழகான ஒரு கைப்பேசித் தாங்கியைச் செய்து கொண்டுவந்தாள். அதே மகள், வீட்டில் தன் மேசை இழுப்பறையின் பிடி கழன்று விழுந்தபோது அதை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டாள். ஒரு மாதம் அது அங்கேயே கிடந்தது. பள்ளியில் கற்ற கை வீட்டுக்கு வரவில்லை. அது அவளுடைய தவறா? வீட்டில் யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

"ஆபத்து ஏற்பட்டால் யார் பொறுப்பு?" என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி. எங்கள் வீட்டில் நடந்த இன்னொரு நிகழ்ச்சி எனக்கு இதற்குப் பதிலாக அமைந்தது.

குழாயைச் சரிசெய்த பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. கதவுக் கீல்களுக்கு எண்ணெய் போட்டேன். குளிரூட்டியின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவினேன். கழிவறைத் தொட்டியின் மிதவையை மாற்றினேன். இந்த நேரத்தில்தான் குளியலறையில் வெந்நீர்க் கருவியைப் போடும்போதெல்லாம் வீடு முழுவதும் மின்சாரம் துண்டிக்கப்படத் தொடங்கியது. நான் திருப்புளியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். அப்பா ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"அதைத் தொடாதே," என்றார்.

"மூடியை மட்டும் திறந்து பார்க்கிறேன், அப்பா."

"நாற்பது வருடமாக இந்தக் கைகள் எதையெதையோ பிரித்திருக்கின்றன. ஆனால் வெந்நீர்க் கருவியைப் பிரித்ததில்லை. தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்திருக்கும் இடம் அது. படித்தவனைக் கூப்பிடு."

எல்லாவற்றையும் தாமே செய்த மனிதர் எதைச் செய்யாமல் விட்டிருந்தார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர் மறுநாள் வந்தார். கருவிக்குள் நீரைச் சூடாக்கும் பகுதி பழுதாகி மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது. என் மகள் பக்கத்தில் நின்று கேள்வி மேல் கேள்வி கேட்க, அவர் பொறுமையாக விளக்கினார். வீட்டு மின்பெட்டியில் மின்கசிவைக் கண்டுபிடிக்கும் ஒரு சாதனம் இருக்கிறது. வீட்டுக்குள் செல்லும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறுபாடு வந்தாலே, கசியும் மின்சாரம் ஒருவேளை மனித உடல் வழியே போய்க்கொண்டிருக்கலாம் என்பதால், கண் இமைப்பதற்குள் துண்டித்துவிடும். "இது உங்களுக்குத் தொல்லை கொடுக்கவில்லை. உங்களைக் காப்பாற்றியிருக்கிறது," என்றார் அவர். அதில் இருக்கும் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்கும்படி சொல்லி, மகளையே அழுத்தச் செய்தார். வீடு இருண்டது. அவள் கைதட்டிச் சிரித்தாள்.

1985 ஜூலைக்கு முன் கட்டப்பட்ட வீடுகள் சிலவற்றில் இந்தச் சாதனம் இல்லாமல் இருந்தது. 2023 ஜூலையில் எல்லா வீடுகளிலும் இது இருக்க வேண்டும் எனச் சிங்கப்பூரில் சட்டம் வந்தது. பழைய வீட்டுக்காரர்கள் இதைப் பொருத்த இரண்டாண்டு அவகாசம் தரப்பட்டது. எங்கள் வீடும் 1985க்கு முன் கட்டப்பட்டதுதான். எங்களுக்கு முன் அங்கு வாழ்ந்தவர்கள் அதைப் பொருத்தியிருந்தார்கள். அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

சட்டமும் இந்த எல்லையைத் தெளிவாகவே வைத்திருக்கிறது. மின்கம்பி வேலையை உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும். எரிவாயுக் குழாய் வேலைக்கும் அப்படித்தான். குழாயை மாற்றுவது போன்ற எளிய வேலைகளை வீட்டுக்காரரே செய்யலாம். ஆனால் சுவருக்குள் செல்லும் நீர்க்குழாய்களில் கைவைக்க உரிமம் பெற்ற பிளம்பர் தேவை. எதையும் தொடாமல் வளர்ந்தவருக்கு இந்த எல்லை தெரியாது. அவர் ஒன்று, எல்லாவற்றுக்கும் அஞ்சுவார். அல்லது, என்னைப் போல ஒரு குழாயைச் சரிசெய்த மிதப்பில் எல்லாவற்றையும் திறக்கப் போவார். பிள்ளைகளை விலக்கி வைத்தால் ஆபத்து குறையும் என்ற எண்ணம் எனக்குச் சரியாகப் படவில்லை. அப்பாவின் பக்கத்தில் பத்து வயதிலிருந்து நின்றிருந்தால், அவர் எதற்கு முன்னால் தயங்கினார் என்பதையும் நான் பார்த்திருப்பேன்.

சன்னல்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பராமரிப்பு என்பது நம் வசதிக்காக மட்டும் செய்வது என்று நினைத்தால், பத்தாம் மாடியின் சன்னலுக்கு அடியில் நடந்துபோகிறவரை மறந்துவிடுகிறோம். வெளிப்புறமாகத் திறக்கும் சன்னல்களில் முன்பு அலுமினிய ரிவெட்டுகள் இருந்தன. அவை நாளடைவில் அரித்து உடையக்கூடும். அதனால் அவற்றுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டுகளைப் பொருத்த வேண்டும் என்று 2004ஆம் ஆண்டில் சட்டம் கொண்டுவரப்பட்டது. மாற்றும் வேலை, அதற்கென அங்கீகாரம் பெற்றவர்களுடையது. ஆனால் திருகு தளர்ந்திருக்கிறதா, சன்னல் சிக்காமல் நகர்கிறதா என்று வீட்டுக்குள் நின்று பார்ப்பது நம் வேலை. பார்க்கத் தெரிந்தவர் ஒருவராவது ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டாமா?

இன்னொரு மறுப்பையும் கேட்டிருக்கிறேன். எல்லாரும் தாங்களே செய்துகொண்டால், இதைத் தொழிலாகச் செய்பவர்களின் பிழைப்பு என்ன ஆகும் என்பது அது. என் அனுபவம் இதற்கு நேர்மாறானது. குழாயோடு நான்கு மணி நேரம் போராடிய பிறகுதான், அதை இருபது நிமிடங்களில் செய்து முடிப்பவரின் திறமை எனக்குப் புரிந்தது. முன்பெல்லாம் வேலை செய்ய வருபவரிடம் கதவைத் திறந்துவிட்டு அறைக்குள் போய்விடுவேன். கூலியைச் சொன்னால், "இதற்கா இவ்வளவு?" என்று முணுமுணுப்பேன். இப்போது பக்கத்தில் நிற்கிறேன். பழுதான பாகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கிறேன். நியாயமான கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கிறேன். நியாயமில்லாத கூலியைக் கேட்டால் அதுவும் தெரிந்துவிடுகிறது. வேலை தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

சில வீடுகளில் பையனைக் கூப்பிடுவார்கள், பெண்ணைக் கூப்பிடமாட்டார்கள். குழாய் இருவருக்கும் ஒரே மாதிரிதான் ஒழுகுகிறது என்பதற்குமேல் இதில் பேச என்ன இருக்கிறது?

பெரியவர்கள் கூப்பிடும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இன்று மாலை வீட்டுக்குப் போனதும், தண்ணீரை நிறுத்தும் திருகு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். ஒருவேளை உங்கள் பெற்றோருக்கும் தெரியாமல் இருக்கலாம், சேர்ந்து தேடுங்கள். மின்பெட்டியில் எந்தப் பொத்தான் எந்த அறைக்கு என்று பாருங்கள். தாத்தாவோ பாட்டியோ முக்காலியில் ஏறுவதைக் கண்டால், கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு ஓடுங்கள். அவர்களை இறக்கிவிட்டு, உறுதியான படியேணி ஒன்றைக் கொண்டுவாருங்கள். மின்விசையை அணைத்த பிறகு, பெரியவர் ஒருவர் ஏற, நீங்கள் ஏணியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எங்கள் குளியலறைக் குழாயும் சொட்டத் தொடங்கியது. நான் ஸ்பேனரை எடுப்பதற்குள், "நான் செய்கிறேன், அப்பா," என்று என் மகள் வந்து நின்றாள். நடைபாதைக்குப் போய்த் தண்ணீரை நிறுத்திவிட்டு வந்தாள். துளையைத் துணியால் அடைத்தாள். குளியலறையில் வெளிச்சம் போதவில்லை. என் அப்பா வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, டார்ச் விளக்கை அவள் கைமேல் விழும்படி பிடித்துக்கொண்டார். கை சற்று நடுங்கியதால் வெளிச்சமும் ஆடியது.

"தாத்தா, கொஞ்சம் மேலே," என்றாள்.

அவர் விளக்கை உயர்த்திப் பிடித்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ ஏன் இங்கே நிற்கிறாய்? போய் அந்தப் பழைய வளையத்தைக் கடைக்குக் கொண்டுபோ," என்றார்.